நஞ்சு மரபணுவை வெட்டிவிட்டால் பூஞ்சை அடங்கிவிடுமா?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி

பயிரைத் தாக்கும் பூஞ்சைகளின் நஞ்சு மரபணுக்களைக் கண்டுபிடித்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். அதில் ஒன்றை வெட்டிவிட்டால் பூஞ்சைக்கு ஆயுதம் இல்லை, செடியைத் தாக்க முடியாது, நோயும் ஒழிந்தது. அப்புறம் ஏன் இன்னமும் கடலையைக் காயவை, ஈரம் பார் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

4 ஜனவரி, இரவு

பாதி சரி, ஆனால் அந்தப் பாதி வேறு பயிருக்குப் பொருந்துவது. பூஞ்சை உண்டாக்கும் நஞ்செல்லாம் செடியை வீழ்த்துவதற்காக இல்லை. சில பூஞ்சைகளுக்கு நஞ்சுதான் நோயின் பலமே. 1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தைக் கருக்கிய பூஞ்சை அந்த வகை. வேறு சிலவற்றுக்கு நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், பருப்புக்குள் எப்படியும் நுழைந்துவிடும். நம்ம நிலக்கடலையில் வருகிற ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் இந்த வகை. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கடலைச் செடியைக் கொல்வதில்லை, அந்தக் கடலையைத் தின்கிற மனிதரின் ஈரலையும், பிண்ணாக்கு தின்கிற மாட்டையும் கோழியையும்தான் கெடுக்கிறது. முதல் வகையில் மரபணுவை எடுத்தால் நோய் தணியும். இரண்டாம் வகையில் எடுத்தால் பூஞ்சை அப்படியே செழிப்பாக இருக்கும், நஞ்சு மட்டும் இருக்காது. இதைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுவரை வந்த தீர்வுகளிலேயே நல்லது இதிலிருந்து பிறந்தது என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

5 ஜனவரி

முதலில் அந்த மரபணுக்கள். அஃப்ளாடாக்சினை ஒற்றை மரபணு செய்துவிடுவதில்லை. ஃப்ளேவஸின் 3-வது குரோமோசோமில், நுனிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 75 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குள் 30-க்கு நெருக்கமான மரபணுக்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஆளுக்கொரு நொதியைத் தருபவை. அசிட்டேட் என்ற சாதாரண இரண்டு கார்பன் துண்டில் வேலை தொடங்குகிறது. கொழுப்பு அமிலம் கட்டுகிற நொதிகள் ஒரு சிறு சங்கிலியைக் கட்ட, பாலிகீட்டைடு என்ற கார்பன் சங்கிலியைக் கட்டும் நொதி அதை நீட்ட, அது வளையங்களாக மடிந்து நார்சோலோரினிக் அமிலம் ஆகி, வெர்சிகலோரின், ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் என்று படிப்படியாக மாறிக் கடைசியில் அஃப்ளாடாக்சின் பி1 வருகிறது.

படிக்கிற காலத்தில் இதே குடும்பத்துப் பாராசிட்டிகஸ் பூஞ்சையின் ஒரு பிறழ்வு வகையை வளர்க்கக் கொடுத்தார்கள். தட்டைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்கச் செங்கல் நிறம். அதுதான் நார்சோலோரினிக் அமிலம். அடுத்த படியின் நொதி கெட்டுப்போனதால் பொருள் அந்த இடத்திலேயே தேங்கிவிடுகிறது. அஃப்ளாடாக்சினைக் கண்ணால் பார்க்க முடியாது, இந்தச் சிவப்பைப் பார்க்க முடியும், 1990-களின் தொடக்கத்தில் இந்தப் பாதையின் மரபணுக்களைப் பிடிக்க அது பெரிய உதவி. நல்ல பூஞ்சையின் டி.என்.ஏ. துண்டுகளை இந்தப் பிறழ்வுக்குள் செலுத்துவார்கள், எந்தத் துண்டு போனதும் நஞ்சு திரும்ப வருகிறதோ அதற்குள் தேடிய மரபணு இருக்கிறது. பாடத்தில் வாசித்தபோது எனக்குள் போகாத விஷயம் அந்தத் தட்டைப் பார்த்த அன்று போனது.

இந்த வரிசையில் ஒரு மரபணு எந்த நொதியையும் தருவதில்லை. அஃப்ல்-ஆர் என்று பெயர், 1993-ல் பிரித்தெடுத்தார்கள். இதன் புரதம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற மரபணுக்களின் முன்பகுதியில் போய் ஒட்டி அவற்றை வேலை செய்ய வைக்கிறது, மேஸ்திரி மாதிரி. அது இல்லாவிட்டால் மற்ற மரபணுக்கள் பழுதில்லாமல் இருந்தும் சும்மா கிடக்கும். அதற்கும் மேலே லே-ஏ என்று ஒன்று, 2004-ல் கண்டது. அது டி.என்.ஏ. சுருண்டிருக்கிற இறுக்கத்தையே மாற்றி, இந்த நஞ்சை மட்டும் இல்லாமல் பூஞ்சையின் பல நஞ்சுகளை ஒரே நேரத்தில் கட்டுப்படுத்துகிறது.

5 ஜனவரி, பிறகு

ஒன்று விட்டுப்போனது. மரபணு இருப்பதும் நஞ்சு வருவதும் வேறு வேறு. ஃப்ளேவஸ் 37 டிகிரியில் நன்றாகவே வளரும், ஆனால் நஞ்சு மிகக் குறைவு. 28, 30 டிகிரிக்கு இறக்கினால் கொட்டும். 37-லும் அஃப்ல்-ஆர் படியெடுக்கப்படுகிறது, ஆனாலும் அதன்கீழ் இருக்கும் மரபணுக்கள் அசைவதில்லை. அதனால் பி.சி.ஆரில், அதாவது டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையில், மரபணு இருக்கிறது என்று வந்தவுடனே 'நஞ்சுள்ள கடலை' என்று முத்திரை குத்துவது தவறு. நஞ்சை நஞ்சாகவே அளக்க வேண்டும்.

7 ஜனவரி

மக்காச்சோளக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீரிய விதை எடுக்க மக்காச்சோளச் செடியின் உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்தை ஆள் வைத்துக் கிள்ள வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தமே உண்டாகாத ஒரு வகையைப் பயன்படுத்தினார்கள், டெக்சாஸ் வகை என்று பெயர். மலட்டுத்தன்மைக்குக் காரணம் குரோமோசோமில் இல்லை, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற டி-அர்ஃப்13 என்ற மரபணு. பழைய துண்டுகள் சில தாறுமாறாக ஒட்டிப் பிறந்தது அது. 1970 வாக்கில் அமெரிக்க மக்காச்சோளத்தில் 85 சதவீதத்துக்கு நெருக்கமாக இந்த வகைதான். 1961-லேயே பிலிப்பைன்ஸிலிருந்து, இந்த வகை இலைக்கருகலுக்குச் சுலபமாக விழுகிறது என்று எழுதியிருந்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோக்ளியோபோலஸ் ஹெட்டிரோஸ்ட்ரோஃபஸ் என்ற பூஞ்சை அதுவரை ஒரு சாதாரணத் தொல்லை. அதில் டி இனம் என்று ஒன்று கிளம்பி, டி நஞ்சு என்ற நீண்ட பாலிகீட்டைடு சங்கிலியை உண்டாக்கியது. டி-அர்ஃப்13 தருகிற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உட்கார்ந்திருக்கிறது, இந்த நஞ்சு வந்து அதில் ஒட்டியதும் சவ்வில் ஓட்டை திறக்கிறது, உயிரணுவின் சக்தி ஒழுகிப்போகிறது. சாதாரண மக்காச்சோளத்தில் அந்தப் புரதமே கிடையாது, அதனால் இதே நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒரே பருவத்தில் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் 15 சதவீதம் போனது, நஷ்டம் 100 கோடி டாலர் அளவுக்கு என்று கணக்கிட்டார்கள். பிறகு அந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் போட்டுப் பார்த்தார்கள், பாக்டீரியாவும் டி நஞ்சுக்கு விழுந்தது. மெத்தோமில் என்ற பூச்சிமருந்தும் அதே புரதத்தின் வழியாக இந்த வகைச் செடியை மட்டும் பொசுக்குகிறது, இது எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

பூஞ்சைப் பக்கம் பார்த்தால், நஞ்சுக்கான மரபணுக்கள் இருக்கும் இடத்துக்கு டாக்ஸ்1 என்று பெயர். முதலில் ஒரே இடம் என்று நினைத்தார்கள். பார்த்தால் இரண்டு வெவ்வேறு குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கிறது, அதுவும் முன்பிருந்தே உள்ள சாதாரண ஓ இனத்தில் இல்லவே இல்லாத, 12 லட்சம் எழுத்து அளவுள்ள கூடுதல் டி.என்.ஏ.வுக்குள். இரண்டு பாலிகீட்டைடு நொதிகளும் வேண்டும், ஒன்று போனாலும் நஞ்சு இல்லை. நஞ்சு போனால் டி இனம் வெறும் ஓ இனம் மாதிரி ஆகிவிடும், இலையில் புள்ளி போடும், வயலை எரிக்காது.

நீங்கள் கேட்ட "மரபணுவை வெட்டினால் ஆயுதம் போய்விடும்" என்பது இங்கே அப்படியே உண்மை. ஆனால் பாருங்கள், அங்கே யாரும் பூஞ்சையைத் தொடவே இல்லை. செடியை மாற்றினார்கள். டெக்சாஸ் வகையைக் கைவிட்டு, ஆள் வைத்துப் பூங்கொத்து கிள்ளும் வேலைக்கே திரும்பினார்கள், அடுத்த ஓரிரு வருஷத்தில் நோய் அடங்கியது. நஞ்சு ஒட்டுவதற்குச் செடியில் இடம் இல்லாவிட்டால் பூஞ்சையின் மரபணுவால் பயன் இல்லை.

8 ஜனவரி

இதன் மறுபக்கமும் மக்காச்சோளத்திலேயே இருக்கிறது. கார்போனம் என்ற உறவுக்காரப் பூஞ்சையின் எச்.சி. நஞ்சைச் சிதைக்கும் நொதி பெரும்பாலான மக்காச்சோளத்தில் உண்டு, எச்.எம்.1 என்ற மரபணு தருவது. 1992-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள், எந்தப் பயிரிலும் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நோய் எதிர்ப்பு மரபணு அதுதான். அது கெட்டுப்போன செடி மட்டும் கருகும்.

ஓட்ஸில் நடந்தது இன்னும் கொடுமை. விக்டோரியா என்ற ரகத்திலிருந்து வந்த வகைகளைத் துரு நோய் தாங்கும் என்று நம்பி 1940-களில் அமெரிக்கா முழுக்கப் போட்டார்கள். துருவைத் தாங்க வைத்த அதே இடம்தான் விக்டோரின் என்ற வேறொரு பூஞ்சை நஞ்சுக்குச் செடியைத் திறந்துவிட்டது.

10 ஜனவரி

"சோயா சாஸ் செய்வதும் இதே பூஞ்சைதானாமே, அப்போது அது நஞ்சா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே, ஜப்பானில் கோஜி என்பார்கள். ஃப்ளேவஸுக்கு மிக நெருங்கிய உறவு, வீட்டுக்குப் பழகிய உருவம் என்றே சொல்லலாம். அதன் முழு மரபணுத் தொகுப்பு 2005-ல் வந்தது. அந்த வகையிலும் அஃப்ளாடாக்சின் வரிசை இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. சோயா சாஸில் புழங்கும் இன்னொரு வகையான சோஜேயில் அஃப்ல்-ஆர் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் கோஜி பாதுகாப்பானது. அதை நம்பி வீட்டில் சோற்றில் தானாக வந்த பச்சைப் பூஞ்சணத்தைக் கோஜி என்று நினைத்துப் பயன்படுத்தாதீர்கள், தயவுசெய்து. ஒரைசேயையும் ஃப்ளேவஸையும் கண்ணால் பிரிக்க முடியாது.

11 ஜனவரி

செடியைக் கொல்ல இல்லை என்றால், பூஞ்சை எதற்காக இத்தனை மரபணுவைச் சுமக்கிறது? நல்ல கேள்வி, நானும் ரொம்ப நாள் இதில் உழன்றிருக்கிறேன். மண்ணில் எடுத்துப் பார்த்தால் ஃப்ளேவஸில் நஞ்சுள்ளதும் நஞ்சில்லாததும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. 2017-ல் வந்த ஓர் ஆய்வில் பழ ஈயின் புழுக்களோடு பூஞ்சையை வளர்த்தார்கள். புழு இருக்கும்போது நஞ்சுள்ளவை நன்றாகத் தேறின, புழு இல்லாதபோது நஞ்சு ஒரு சுமை. அப்படியானால் போட்டி பூச்சியோடு. நாமும் மாடும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள்.

13 ஜனவரி

சரி, முதல் நாள் சொன்ன தீர்வு.

அமெரிக்காவில் அரிசோனாவில் பருத்திக் கொட்டையில் அஃப்ளாடாக்சின் ஏறி, அது மாட்டுத் தீவனம் வழியாகப் பாலுக்கு வந்துகொண்டிருந்தது. பீட்டர் காட்டி என்ற வேளாண் துறை விஞ்ஞானி அங்கத்திய வயல் மண்ணிலேயே நஞ்சு உண்டாக்காத ஃப்ளேவஸ் ஒன்றைப் பிடித்தார், ஏஎஃப்36 என்று பெயர். அதில் வரிசை முழுக்க இருக்கிறது. பாலிகீட்டைடு நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, நொதி பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இதை வேகவைத்த தானியத்தில் ஏற்றி வயலில் தூவினால், பருவத்தின் தொடக்கத்திலேயே இது பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, நஞ்சுள்ளதற்கு இடம் இல்லை. ஜார்ஜியாவில் கடலையிலிருந்து எடுத்த இன்னொன்று அஃப்ளாகார்டு என்று விற்பனைக்கு வந்தது, அதில் அந்த மரபணு வரிசையே இல்லை. இரண்டுக்கும் 2003, 2004 வாக்கில் அனுமதி கிடைத்தது. ஆப்பிரிக்காவில் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம் அஃப்ளாசேஃப் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தந்த மண்ணின் வகைகளை எடுத்தே செய்கிறது. ஹெக்டேருக்கு 10 கிலோ தூவுகிறார்கள், அறுவடையில் நஞ்சு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? நஞ்சு இல்லாத வகையும் நஞ்சுள்ளதைப் போலவே பருப்பில் ஏறத் தெரிந்தது என்பதால்தான். நஞ்சு செடியைத் தாக்கும் ஆயுதமாக இருந்திருந்தால், நஞ்சு இல்லாதது தோற்றுப்போய் ஓரமாக நின்றிருக்கும். மக்காச்சோளத்தில் டி இனத்துக்கு எதிராக ஓ இனத்தைத் தூவினால் இது நடக்காது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

14 ஜனவரி

"பூச்சிமருந்துக்கடைப் பூஞ்சைக்கொல்லி அடித்தால் போதாதா?" போதாது. காய் மண்ணுக்குள் இருக்கிறது.

16 ஜனவரி

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: அறுவடைக்கு அப்புறம்தான் பூஞ்சை பிடிக்கிறது என்று நீங்கள் சொல்வது பாதிதான். காய் முற்றுகிற கடைசி சில வாரங்களில் மழை இல்லாமல் மண் காய்ந்து, காய் இருக்கும் ஆழத்தில் சூடு 28-லிருந்து 31 டிகிரி வரை நின்றால், வயலிலேயே நஞ்சு ஏறிவிடும். ஈரம் உள்ள பருப்பு பூஞ்சை நுழைந்தவுடன் ஸ்டில்பீன் வகைப் பொருள்களைச் சுரந்து எதிர்த்து நிற்கும். பருப்பில் நீர் வற்ற வற்ற அந்தச் சுரப்பு நின்றுபோகும், பூஞ்சைக்கோ அந்த வறட்சியிலும் வளர முடியும். ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, நடப்பது இரண்டு பக்கமும் அடி: புரட்டாசியில் காய்ச்சல், பிடுங்கும்போது ஐப்பசி மழை. ஒரு தண்ணீர் விட முடிந்தால் அந்தக் கடைசிக் காய்ச்சலில் விடுங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியக் கவிழ்த்துப் போட்டு, ஆய்ந்த பிறகு பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள். பூச்சி துளைத்த காயையும் மண்வெட்டி பட்ட காயையும் தனியே எடுத்துவிடுங்கள், நஞ்சு எல்லாக் காயிலும் சமமாக இருப்பதில்லை, ஒரு சில பருப்பில் குவிந்து கிடக்கும்.

நான் இப்போது பரிசோதனை வேலையில் இருக்கிறேன். எங்களிடம் வரும் மாதிரிகளில் எனக்கு அதிகம் கோபம் வருவது எதில் தெரியுமா? நன்றாகக் காய்ந்து வந்த காயை, இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு பிளக்கக் கூடாது, எடையும் நிற்க வேண்டும் என்று தண்ணீர் தெளித்துக் கோணியில் கட்டி வைப்பதில். ஒரு மண்டியில் இதைக் கண்ணால் பார்த்தேன். விவசாயி வெயிலில் நின்று காயவைத்ததெல்லாம் அங்கே வீணாகிறது. நஞ்சு வந்துவிட்டால் வறுத்தாலும் முழுக்கப் போகாது.

16 ஜனவரி, தொடர்ச்சி

எண்ணெய் பற்றியும் கேட்டிருந்தார். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும், சுத்திகரிப்பில் அது போய்விடும். செக்கெண்ணெயில் அந்தப் படி இல்லை, அதனால் செக்குக்குப் போகும் பருப்பு முதல்தரமாக இருக்க வேண்டும். உடைசலையும் சொத்தையையும் செக்குக்குத் தள்ளும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

பிண்ணாக்கில் தங்கியது மாட்டுக்குள் போய் எம்1 என்று உருமாறிப் பாலில் வருகிறது. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல், அதாவது 5.7 சதவீதத்தில், எம்1 அளவு மீறியிருந்தது. முன்னால் நின்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று பார்க்கிற நாம் பிண்ணாக்கைப் பார்ப்பதில்லை.

17 ஜனவரி

புறஊதா விளக்கு வாங்கி அடித்துப் பார்த்தால் தெரியுமா என்று இருவர் கேட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் அந்த விளக்கில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்வது அஃப்ளாடாக்சின் இல்லை, பூஞ்சையின் கோஜிக் அமிலத்திலிருந்து வருவது. ஃப்ளேவஸ் வந்து போனதற்கு அடையாளம், நஞ்சின் அளவு இல்லை. ஆய்வகத்தில் பூஞ்சையைத் தேங்காய் ஊடகத்தில் வளர்த்து விளக்கடித்தால் நஞ்சுள்ளது நீலமாக ஒளிரும். அது பூஞ்சையின் குணத்தைப் பார்க்க நல்ல வழி, உங்கள் மூட்டையைப் பார்க்க அல்ல.

20 ஜனவரி

நஞ்சில்லாத வகையைத் தூவினால் அது மறுபடி நஞ்சு பிடிக்காதா என்ற கேள்வி இந்த இழையிலேயே கனமானது. பயப்படக் காரணம் இருக்கிறது. ஃப்ளேவஸுக்குப் பாலினப் பெருக்கம் கிடையாது என்றே நெடுங்காலம் நினைத்தோம், 2009-ல் அது உண்டு என்று காட்டினார்கள். கலந்தால் மரபணுக்கள் கைமாறும். ஏஎஃப்36-ல் ஓர் எழுத்துதான் வித்தியாசம், வரிசையே இல்லாத அஃப்ளாகார்டு மாதிரியானது இந்தக் கோணத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஆனாலும் இரண்டையும் ஆண்டுதோறும் புதிதாகத் தூவுவதால், ஒரு வயலில் எப்போதும் நஞ்சில்லாததன் எண்ணிக்கையே ஓங்கி நிற்கிறது. கலப்பு நடந்தாலும் இன்றைய நஞ்சுள்ள கூட்டத்தைவிட மோசமான ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு வழி, செடியிலிருந்தே பூஞ்சையின் மரபணுவை வாயடைப்பது. ஹைதராபாத்தில் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பூஞ்சையின் இரண்டு நஞ்சு மரபணுக்களுக்கு எதிரான சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கடலைச் செடியே உண்டாக்கும்படி செய்து 2018-ல் வெளியிட்டார்கள். பூஞ்சை அந்தப் பருப்பில் நஞ்சு மிகக் குறைவாகவே உண்டாக்கியது. அழகான வேலை. ஆனால் அது மரபணு மாற்றுப் பயிர், வயலுக்கு வருவதற்குள் இங்கே எத்தனை வருஷம் இழுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நஞ்சில்லாத பூஞ்சையோ ஏற்கனவே நம் மண்ணில் இருக்கிறது, ஆய்வகத்தில் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் நாமக்கல்லிலும் கடலை வயல்களின் மண்ணை எடுத்து, மரபணு வரிசையே விட்டுப்போன வகைகளைத் தேடிப் பிரித்து, திண்டிவனம் மாதிரியான எண்ணெய்வித்து நிலையங்களின் வயல்களில் பருவத்துக்குப் பருவம் தூவிப் பார்க்க வேண்டும். நான் கேட்பது அதைத்தான். மாணவர்கள் யாராவது ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், தேங்காய் ஊடகத்தில் ஒளிராத வகையிலிருந்து தொடங்குங்கள், அம்மோனியா ஆவி காட்டியும் தட்டின் அடிப்பக்கம் சிவக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பி.சி.ஆரில் வரிசையின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் சரிபாருங்கள். மூன்றும் இல்லாதது கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள்.